கலிபோர்னியா: 9-ஆம் வகுப்புக்குப் பாடத்தேர்வு எப்படி?

மகள் ஆகஸ்டில் ஹைஸ்கூல் போகிறாள். ஹைஸ்கூல் பட்டம் வாங்கத் தேவையான பாடங்களை மட்டும் எடுத்தால் யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியுமா?

பதில் 1:
முடியாதுங்க. இரண்டும் வேறு கணக்கு. மாநிலக் குறைந்தபட்சம் ஆங்கிலம் 3 வருடம், கணிதம் 2, அறிவியல் 2, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 2. கலை, அயல்மொழி, தொழிற்கல்வி இவற்றில் ஏதாவது ஒன்று 1 வருடம். இதற்கு மேல் உங்கள் பள்ளி டிஸ்டிரிக்ட் சேர்ப்பதும் உண்டு. யூசி சேர்க்கைக்குக் கேட்கும் பாடப்பட்டியலான ஏ-ஜியில் ஆங்கிலம் 4, கணிதம் 3, ஒரே அயல்மொழி 2 வருடம். மற்ற பாடங்களும் சேர்த்து மொத்தம் 15 ஓராண்டுப் பாடம், அதில் 11 சீனியர் வருடத்துக்கு (12-ஆம் வகுப்பு) முன்பே முடிய வேண்டும்.

பதில் 2:
பலர் சறுக்குவது 'டி' கிரேடில்தான். பள்ளி கிரெடிட் கொடுத்துவிடும், பட்டமும் கிடைக்கும். ஆனால் ஏ-ஜிக்குக் குறைந்தது 'சி' வேண்டும். கணிதத்தில் அல்ஜீப்ரா 2-வில் 'சி' வந்தால் பழைய அல்ஜீப்ரா 1 'டி' சரியாகிவிடும். வரலாற்றில் அந்தச் சலுகை இல்லை, சம்மரில் திரும்ப எடுக்கணும்.

பதில் 3:
9-ஆம் வகுப்பு மதிப்பெண் யூசி ஜிபிஏவில் (கிரேடு சராசரி) சேராது என்று அலட்சியமா விட்டுடாதீங்க, பாடத் தேவைக்கு அது கணக்கில் வரும். கால்குலஸ் வரை போகணும்னா 9-இலேயே ஜியோமெட்ரி வேண்டும். அல்ஜீப்ரா 1-இல் ஆரம்பித்தால் 12-இல் பிரீகால்குலஸோடு நிற்கும், இடையில் ஒரு சம்மர் வகுப்பு போட்டால் தவிர. பாடம் ஏ-ஜியில் இருக்கிறதா என்று உங்கள் பள்ளியின் பெயரில் யூசி தளத்திலேயே பாருங்க. பக்கத்துப் பள்ளியில் அதே பெயரில் உள்ள பாடத்துக்கு அங்கீகாரம் இருக்கலாம், உங்கள் பள்ளியில் இல்லாமல் போகலாம்.