மொட்டைமாடிக்குக் கீழே அம்மாவின் அறை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வேலூரில் வாடகை வீடு. அம்மாவுக்கு 78 வயது. அவர் படுக்கும் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே. கத்திரி தொடங்கியதிலிருந்து இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. மின்விசிறி அனலைத்தான் இறைக்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். இரவில் எழுந்து போக வேண்டுமே என்று மாலையிலேயே குடிப்பதை நிறுத்திவிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு. கேட்டால் "தாகமே இல்லையடா" என்கிறார். வயதானால் தாக உணர்வு மங்கும் என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. மதியம் எழுந்தவர் தடுமாறிக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னை மாமாவின் பெயர் சொல்லி அழைத்தார். நீர்ச்சத்துக் குறைவு என்றார் மருத்துவர். மாத்திரை அளவை அவர் பார்த்துக்கொள்கிறார். அதை இங்கே கேட்கவில்லை.

மாடியில் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தவர்கள் இருக்கிறீர்களா? உள்ளே உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா? தென்னங்கீற்று பரப்பலாம் என்றால் குரங்குகள் விட்டுவைக்காது. ஏசிக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

இன்னொன்று, நான் வேலைக்குப் போனபின் அம்மாவை எப்படிக் குடிக்கவைப்பது? போனில் "குடித்துவிட்டேன்" என்பார். மாலையில் வந்து பார்த்தால் நீர்மோர்ச் சொம்பு, மூடிய தட்டோடு அப்படியே இருக்கிறது.