காப்பீடு இல்லாத இடைவெளியில் இன்சுலின் வாங்கிய அனுபவம்

அமெரிக்காவின் டல்லாஸில் வசிக்கும், இன்சுலின் போட்டுவரும் என் அத்தானுக்கு 2023-இல் வேலை போனபோது, அந்த மாதக் கடைசியோடு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் முடிந்துவிட்டது. முழுத் தவணையையும் தானே கட்டிப் பழைய காப்பீட்டைத் தொடரும் ‘கோப்ரா’ வழி, சம்பளம் நின்ற வீட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. காப்பீடு போன 60 நாட்களுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் சேரலாம் என்பதால் விண்ணப்பித்தார். ஆனால் அது நடைமுறைக்கு வருமுன்பே இன்சுலின் தீர்ந்துவிட்டது.

நீண்ட நேரம் வேலை செய்யும் ‘லாண்டஸ்’ இன்சுலின், ஊசிப் பேனாக்கள் ஐந்து கொண்ட பெட்டிக்கு மருந்தகக் கணினி நானூறு டாலருக்கு மேல் காட்டியது. கவுன்டரில் இருந்த இளைஞர் தொகையைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். வேறு வழியே இல்லையா என்று அக்கா விடாமல் கேட்ட பிறகே, உள்ளிருந்து வந்த மருந்தாளுநர், காப்பீடு இல்லாதவர்களுக்குத் தயாரிப்பு நிறுவனம் தரும் சலுகை அட்டையைப் பற்றிச் சொன்னார். அங்கேயே நின்று செல்பேசியில், லாண்டஸைத் தயாரிக்கும் சனோஃபியின் தளத்தில் பதிவு செய்து, அட்டையிலிருந்த எண்களை அவர் கணினியில் ஏற்றியதும், அதே பெட்டி 35 டாலருக்கு வந்தது. வருமானச் சான்று எதையும் யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் போடும் ஹியூமலாக் இன்சுலினுக்கும் லில்லி நிறுவனத்தின் 35 டாலர் திட்டம் இருந்தது.

2022-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் 35 டாலர் உச்சவரம்பு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பயனாளிகளுக்கு மட்டுமே உரியது என்பதைப் பலர் அறிவதில்லை; காப்பீடே இல்லாதவருக்குக் கிடைப்பது நிறுவனங்களின் சலுகைதான், அதுவும் அழுத பிள்ளைக்குத்தான் பால். 2024 ஜனவரியில் சனோஃபி லாண்டஸின் பட்டியல் விலையை 78 சதவீதம் குறைத்ததால் இன்று அந்த அதிர்ச்சி சற்றுக் குறைவு.

வால்மார்ட்டில் சுமார் 25 டாலருக்கு மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும் பழைய வகை மனித இன்சுலினுக்கு மாறும்படி ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதிலுள்ள என்பிஎச் வகை, போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும் என்பதால், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். அளவை மருத்துவரே மாற்றித்தர வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கவே பணமில்லை என்பவர்கள், கூட்டாட்சி நிதியில் இயங்கும் சமுதாய நல மையங்களுக்குப் போகலாம். அங்கே வருமானத்துக்கு ஏற்பவே கட்டணம். பல மையங்களில் மருந்தும் மலிவு விலையில் கிடைக்கிறது.