பதில்: ஸ்னப்ஷொட்டுக்குத் தமிழ் - ‘மீட்புப் புள்ளி’ வேணாம்

> மீட்புப் புள்ளி எண்டு வச்சா சனத்துக்கு லேசா விளங்கும் சேர். திரும்பி வாறதுக்குத்தானே எல்லாரும் எடுக்கிறாங்க.

தம்பி, லேசா விளங்கும், ஆனா பிழையா விளங்கும். ஸ்னப்ஷொட் எண்டா டிஸ்க்குல உள்ள பைல்கள் ஒரு நேரத்துல இரிந்த நிலைய அப்பிடியே பிடிச்சி வைக்கிறது, நம்மட லினக்ஸ் கையேட்டுக்கு அதுக்குத்தான் ஒரு தமிழ்ச் சொல் தேடுறம். காத்தான்குடியில துணிக்கடை வச்சிரிக்கிற ஒரு காக்காட (அண்ணன்ட) கொம்பியூட்டர நினைச்சிப் பாருங்க, பில், ஸ்டொக், கடன் கணக்கு எல்லாம் அதுக்குள்ளதான். அதுல பிடிஆர்எப்எஸ் (Btrfs, டிஸ்க்குல பைல்கள அடுக்கி வைக்கிற ஒரு பைல் சிஸ்டம்) போட்டுக் குடுத்து ‘மணித்தியாலத்துக்கு ஒருக்கா மீட்புப் புள்ளி எடுக்கும்’ எண்டு சொன்னா அவர் பெக்கப்புக்கு எண்டு வேற டிஸ்க் வாங்குவாரா? மாரியில கரண்ட் போய்ப் போய் வந்து டிஸ்க்கே செத்தா புள்ளியும் சேந்துதான் போகும், ஏனெண்டா அது இரிக்கிறதே அதே டிஸ்க்குலதான். மீட்பு, காப்பு ரெண்டும் இந்தச் சொல்லுக்குள்ள வரக்கூடாது. அந்தச் சொல்லுகள பெக்கப்புக்கு விட்டு வைங்க, பிடிஆர்எப்எஸ் சென்ட் (btrfs send) எண்ட கட்டளை குடுத்து வெளி டிஸ்க்குக்கு அனுப்பினாத்தான் அது பெக்கப்.

> அப்ப நிழற்பிரதி?

டீச்சர், பிரதியும் இல்ல அது. பிடிஆர்எப்எஸ், அதப் போல இன்னொரு பைல் சிஸ்டமான இசட்எப்எஸ் (ZFS) ரெண்டும் பழைய புளொக்குக்கு (டிஸ்க்குல டேட்டா எழுதுற சின்னத் துண்டு) மேல எழுதுறதில்ல, மாத்தினத வேற இடத்துல எழுதிப்போட்டு டேட்டா எங்க இரிக்கு எண்டு காட்டுற சுட்டியத்தான் மாத்தும், ஸ்னப்ஷொட் எண்டா அந்தப் பழைய புளொக்குகள விட்டுடாமப் பிடிச்சி வைக்கிறது, அவ்வளவுதான். அதாலதான் 500 ஜீபி டேட்டா கிடந்தாலும் என்டர் தட்டின உடன முடியுது, எடுத்த நேரம் இடமும் பெரிசாப் போகாது. மறுகா ஒரு நாள் டிஸ்க் நிறைஞ்சிட்டு எண்டு 20 ஜீபி கலியாண வீடியோவ அழிச்சிப்போட்டு டிஎப் (df, மிச்ச இடம் காட்டுற கட்டளை) அடிச்சிப் பாப்பீங்க, கொஞ்சமும் இடம் வந்திரிக்காது, பழைய ஸ்னப்ஷொட் அத இன்னும் பிடிச்சிட்டுக் கிடக்கு. பிரதி எண்டு படிச்ச பெடியனுக்கு இது பிடிபடாது, ‘நான் அழிச்சது ஒரிஜினல், இடம் ஏன் வரல்ல’ எண்டு மண்டையப் பிச்சிக்கிட்டு இரிப்பான்.

கணநிலை எண்டும் ஒருத்தர் எழுதியிருந்தார். எழுத்துல வடிவான சொல், எனக்கும் பிடிச்சதுதான். நம்மட மட்டக்களப்பு வாயில அது கன நிலையாத்தான் வரும், கன நாள், கன பேர் மாதிரி ‘நிறைய’ எண்ட பொருளில. வகுப்புல சொல்லிப் பாருங்க, எத்தின நிலை சேர் எண்டு கேப்பாங்க.

என்ட விருப்பம் நிலைப்பிடிப்பு. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) ஏற்கனவே புழக்கத்துல இரிக்கு, அதோட சேந்து போகும், பிடிச்சி வைக்குது எண்ட வேலையும் சொல்லுக்குள்ளயே வந்திடுது. ‘நிலைப்பிடிப்பு எடு’, ‘நிலைப்பிடிப்ப அழி’, ‘முந்தின நிலைப்பிடிப்புக்குத் திரும்பு’, மெனுவில மூண்டும் முட்டாம வருது. ஓபன்சூசே லினக்ஸ் அப்டேட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் தானா எடுக்கும், பெடோரா லினக்ஸும் 2020 இல 33 ஆம் பதிப்பிலருந்து டெஸ்க்டொப்புக்கு பிடிஆர்எப்எஸ்தான் குடுக்குது, அதால இந்தச் சொல் இனி வீட்டுக் கொம்பியூட்டர்லயும் வரத்தான் போகுது.

நம்மட கையேட்டுல வீட்டுக்கு ஈஎக்ஸ்டி4 (ext4, இன்னொரு பைல் சிஸ்டம்) எண்டு எழுதினது அப்பிடியே கிடக்கட்டும். 2008 இலருந்து லினக்ஸ்ட மையமான கேர்னலுக்குள்ள நிலையா இரிக்கு, பழுதானாலும் பாக்கிறதுக்கு ஆள் கிடைக்கும். அதுக்கு ஸ்னப்ஷொட்டும் இல்ல, சொல்லும் தேவயில்ல. எக்ஸ்எப்எஸ் (XFS) எண்ட பைல் சிஸ்டத்துக்கும் அப்பிடித்தான், அத மறுகா சுருக்கவும் ஏலாது எண்டு ஒரு வரி போட்டா நல்லம்.

---

> அதுக்கு ஸ்னப்ஷொட்டும் இல்ல, சொல்லும் தேவயில்ல

சேர், அது சரி வராது. கல்முனையில நாங்க செட் பண்ணின ஒபிஸ் சேர்வர் ஒண்டுல ஈஎக்ஸ்டி4 தான், ஆனா கீழ எல்விஎம் (LVM, டிஸ்க் இடத்தப் பகுதிகளாப் பிரிச்சி நடத்துற அடுக்கு) இரிக்கு, அதுல ஸ்னப்ஷொட் எடுக்கலாம். பழைய முறை எல்விஎம்மில வேலை தலைகீழ், புதுசு மேல எழுத முந்தி பழைய புளொக்கத் தூக்கி ஒதுக்கின இடத்துல கொண்டு வைக்கும், அந்த இடம் நிறைஞ்சா ஸ்னப்ஷொட்டே செல்லாமப் போயிடும். அது கிட்டத்தட்ட பிரதிதானே? பிடிப்பு பொருந்துமா?

---

தம்பி, நல்ல கேள்வி. உள்ளுக்கு நடக்கிறது வேறதான், எண்டாலும் பாவிக்கிறவருக்குக் கிடைக்கிறது அந்த நேரத்து நிலைதான், அங்கயும் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்கிறதில்ல, மாறின புளொக்க மட்டும்தான். சொல்ல மாத்தத் தேவயில்ல. கையேட்டுல எல்விஎம்முக்கு வேற பந்தி போடுங்க, ஒதுக்கின இடம் நிறைஞ்சா பிடி விட்டிடும் எண்டு அதுல முதல் வரியா எழுதுங்க. ஈஎக்ஸ்டி4 பந்திய நான் திருத்தி அனுப்புறன்.