மறுமொழி: எஞ்சாம்ப்மென்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கவிதையில் வரி முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்குள் தொடர்வதுதான் எஞ்சாம்ப்மென்ட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். தொடரடி, வரிமுறிவு, அடிமடக்கு, ஆற்றுநீர் ஆகிய நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. என் பரிந்துரை அடிதாண்டல். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிமடக்கு. மடக்கு என்றாலே மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது, ஒரே சொற்றொடர் மீண்டும் வந்து வேறு பொருள் தரும் மடக்கணிதான். அதே சொல்லை இன்னொன்றுக்கு வைத்தால் தேர்வுத்தாளில் குழப்பம் நிச்சயம். வரிமுறிவு எல்லா வரியின் முடிவிலும் இருக்கிறது. நமக்குப் பெயர் தேவைப்படுவது, வரி முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்குள் போகிற இடத்துக்கு மட்டும்.

ஆற்றுநீர் என்பது, சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் ஆறுபோல ஓடிவருவது. அதைப் பரிந்துரைத்த ஐயா, 'இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் ஆக்க வேண்டும்' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளும், சொற்களை எந்த வரிசையில் கூட்டிப் பொருள் கொள்வது என்பதைப் பற்றியவை. நம் கேள்வி வேறு: அடி எங்கே முடிகிறது, வாக்கியம் எங்கே முடிகிறது, இரண்டும் ஒரே இடமா? அடிக்கு ஒரு வாக்கியமாக முடித்துக்கொண்டே போகும் பாட்டும் ஆற்றுநீராக இருக்கலாம். வகையுளியும் இது அல்ல. ஓசைக்காக ஒரு சொல் இரண்டு சீராகப் பிளப்பதுதான் வகையுளி.

சரி, அடிதாண்டலுக்கு வருகிறேன். எஞ்சாம்ப்மென்ட் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ழாம்ப் என்றால் கால். காலை எட்டி வைத்துத் தாண்டுவது என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழில் அடி என்றால் பாட்டின் வரியும்தான், காலடியும்தான். அந்தப் படம் நம் சொல்லுக்குள் ஏற்கனவே இருக்கிறது. இதைக் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. (ஒருவர் 'அடித்தாண்டல்' என்று எழுதியிருந்தார். அடியைத் தாண்டல் என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்கே வல்லினம் மிகாது. 'அடித்து ஆண்டல்' என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.)

ஆனால் என் முக்கியக் காரணம் வேறு. தொடரடி ஒரு பெயர், அவ்வளவுதான். அடிதாண்டலில் ஒரு வினை இருக்கிறது. 'பொருள் இங்கே அடி தாண்டுகிறது' என்று மாணவர் எழுதலாம். எழுதியதும் எது தாண்டுகிறது, தாண்டுமுன் வாசகர் என்ன நினைத்தார், தாண்டியபின் என்ன கிடைத்தது என்ற கேள்விகள் தாமாகவே வரும். விடைத்தாள்களில் என்னை வாட்டுவது 'இப்பாடலில் இன்ன உத்தி பயின்று வந்துள்ளது' என்று எழுதி நிறுத்திவிடும் பழக்கம். பெயர் சரியாக இருக்கும், கவிதையைத் தொட்டே இருக்க மாட்டார்கள்.

கண்டுபிடிக்கவும் வழி எளிது, மாணவர்கள் கையில் ஏற்கனவே இருக்கிறது. அடியின் கடைசிச் சொல் பொருள் முடியாமல் நிற்கும் எச்சமா, முடிந்துவிடும் முற்றா?

'வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும்
தெய்வத்துள் வைக்கப் படும்.'

'உறையும்' பெயரெச்சம். வானில் உறைவது யார் என்பது அடுத்த அடிக்குப் போனால்தான் தெரியும். எச்சம் என்ற பெயரே மிச்சம் இருப்பதைத்தானே சொல்கிறது. முதல் குறளில் இன்னும் நெருக்கம்: 'ஆதி' ஓர் அடியில், 'பகவன்' அடுத்த அடியில். ஒரு தொகையே நடுவில் பிரிந்து நிற்கிறது. ஆனால் அடி வினையெச்சத்தில் முடிந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தமிழில் அங்கே இயல்பாகவே மூச்சு விட்டுத்தான் தொடர்கிறோம்.

முற்றில் முடிந்த அடியும் தாண்டலாம். எனக்கு மிகப் பிடித்தது இது:

'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை
செய்ந்நன்றி கொன்ற மகற்கு.'

முதல் அடியை மட்டும் படித்து நிறுத்திப் பாருங்கள். உய்வு உண்டு என்று சொன்ன வாயே உடனே இல்லை என்கிறது. யாருக்கு இல்லை? அடி தாண்டினால்தான் ஆள் தெரிகிறான். அந்தக் கணநேரத் திகைப்பைப் பற்றி எழுதுகிற மாணவருக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் தருவேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெண்பாவில் ஈற்றடி தவிர மற்ற அடிகளுக்கு நான்கு சீர் என்பது யாப்பின் கட்டளை. ஓலைச்சுவடிகளில் பாட்டை அடி பிரிக்காமல் தொடர்ச்சியாகவே எழுதினார்கள். ஆகவே குறளில் தாண்டல் தரும் விளைவைச் சொல்லலாம், 'கவிஞர் வேண்டுமென்றே இங்கே உடைத்தார்' என்று அடித்துச் சொல்லக் கூடாது. புதுக்கவிதையில் அப்படி இல்லை. அங்கே எந்த யாப்பும் வரியை முடித்துவைப்பதில்லை, முடித்தவர் கவிஞர்தான். விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு வரிகள்:

அப்பா வாசலில் இறக்கிவைத்த
களைப்பை யாரும் பார்க்கவில்லை.

இதற்கு விடை இப்படி வரலாம்: 'இறக்கிவைத்த என்னும் பெயரெச்சத்தில் வரி முடிவதால் பையையோ சுமையையோ எதிர்பார்க்கிறோம். பொருள் அடி தாண்டியதும் கிடைப்பது களைப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று சுமையின் இடத்தில் வந்து அமர்வதால், பார்க்கவில்லை என்ற சொல் கூடுதலாக வலிக்கிறது.' நாலு வரிதான். விளக்கம், சான்று, பொருத்தம் என்று அணிக்கு எழுதிப் பழகிய மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. அதற்காக இதை அணி என்று அழைக்க வேண்டாம், உத்தி என்றால் போதும்.

இதன் எதிர்ச்சொல்லும் வேண்டும். 'அறம் செய விரும்பு', 'ஆறுவது சினம்' என்று ஆத்திசூடியில் ஒவ்வோர் அடியும் தன்னளவில் முடிந்துவிடுகிறதே, அதற்கு. அடிநிற்றல் என்று வைத்துப் பார்த்தேன். தாண்டல், நிற்றல் என்று இணையாக ஒலிப்பது நன்றாக இருக்கிறது. ஆனால் 'அடியில் நிற்றல்', அதாவது கீழே நிற்றல், என்று பொருள்படுமோ என்று ஒரு நெருடல். அடிமுடிதல் என்றால் எல்லா அடியும் முடியத்தானே செய்கிறது என்று திரும்பவும் வரிமுறிவின் சிக்கலுக்கே வந்துவிடுகிறோம். அடிதாண்டலைவிட இதற்குத்தான் எனக்கு உங்கள் உதவி தேவை. தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்.