ரென் நூலகத்தின் மாடித் தரை எந்த உயரத்தில் இருக்கிறது?

திருவல்லிக்கேணி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கேம்பிரிட்ஜில் படிக்கும் என் தங்கை மகன் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகப் படங்களை அனுப்பியிருந்தான். முற்றத்துப் பக்கம் கீழே வளைவுகளின் வரிசையும், அதன்மேல் உயர்ந்த சன்னல்களும் தெரிகின்றன. உள்ளே எடுத்த படத்திலோ, ஆளுயரத்தை மிஞ்சிய புத்தக அலமாரிகளுக்கு மேலேதான் சன்னல்களே தொடங்குகின்றன. வெளிச்சுவரில் வளைவுக்கும் சன்னலுக்கும் நடுவே அவ்வளவு இடம் இல்லையே. அப்படியானால் மாடியின் தரை எங்கே இருக்கிறது?

மயிலாப்பூர் கட்டடக் கலைஞர்:
அம்மா, கவனிக்க வேண்டிய இடத்தையே கவனித்திருக்கிறீர்கள். அந்த வளைவுகளை மறுபடி பாருங்கள். அவற்றின் அரைவட்டப் பகுதி கல்லால் அடைக்கப்பட்டிருக்கும். அரைவட்டம் தொடங்கும் மட்டத்தில், அந்தக் கல்லுக்குப் பின்னால்தான் நூலகத்தின் தரை மறைந்திருக்கிறது. தரையை இவ்வாறு இறக்கியதால், சுவரையொட்டியும் சுவரிலிருந்து குறுக்காகவும் அலமாரிகளை நிறுத்த, இதைக் கட்டிய கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுக்கு உயரம் கிடைத்தது. சன்னல்களின் வெளிச்சமும் அவற்றால் தடைபடாமல் உள்ளே இறங்குகிறது. முகப்பின் அளவொழுங்கும் கெடவில்லை. 1676-இல் தொடங்கிய வேலை 1695-இல் முடிந்தது. அருகில் கேம் ஆறு ஓடுவதால், நூல்களை மாடியில் வைத்தது அவற்றை ஈரத்திலிருந்து காத்தது. அடையாற்றங்கரையில் வீடு வைத்திருக்கும் எனக்கு அந்த ஏற்பாட்டின்மேல் தனி மதிப்பு உண்டு.

பெரம்பூர் ஆசிரியர்:
அந்த முற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1317-இல் வேர்விட்ட கிங்ஸ் ஹால், 1324-இல் பிறந்த மைக்கேல்ஹவுஸ் ஆகிய இரு கல்லூரிகளை இணைத்து மன்னர் எட்டாம் ஹென்றி 1546-இல் டிரினிட்டியை நிறுவினார். 1593-இல் கல்லூரித் தலைவரான தாமஸ் நெவில், மணிக்கூண்டையே இடம் மாற்றிப் பெருமுற்றத்தை ஒழுங்குபடுத்தியதோடு, தம் பெயரிலேயே விளங்கும் இன்னொரு முற்றத்தையும் கட்டினார். மூன்று பக்கக் கட்டடமாக நின்ற அதன் ஆற்றுப் பக்கத்தைத்தான் பின்னாளில் நூலகம் மூடியது. அங்குள்ள வடக்குத் தாழ்வாரத்தில் எதிரொலியைக் கணித்து நியூட்டன் ஒலியின் வேகத்தை அளக்க முயன்றார்.

சேத்துப்பட்டு வாசகர்:
நம் ஊருக்கும் அந்த நூலகத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த கணித மேதை ராமானுஜன் 1914-இல் டிரினிட்டிக்குச் சென்று, 1918-இல் அதன் ஃபெலோவாக, அதாவது ஆய்வறிஞர் குழு உறுப்பினராக, தேர்வானார். தாயகம் திரும்பி, 1920-இல் மறைவதற்கு முன் அவர் எழுதிய நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களை 1976-இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது இதே ரென் நூலகத்தில்தான். அந்தத் தாள்கள் அங்கே பத்திரமாக இருந்ததை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

திருவல்லிக்கேணி வாசகி:
மிக்க நன்றி ஐயா, மூவருக்கும். அப்படியென்றால் கீழே தூண்களுக்கிடையே நின்று அண்ணாந்து பார்த்தால், கூரையானது வளைவின் உச்சிக்கு வெகு கீழே, தட்டையாகத் தெரிய வேண்டும். அந்தக் கோணத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அவனிடம் இன்றே சொல்கிறேன்.