புருவமத்தியில் கவனம் வைத்தால் நெற்றி வலிக்கிறது: ஆக்ஞை தியானத்தில் எங்கே தவறுகிறேன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கடந்த நான்கு மாதங்களாக ஆக்ஞா சக்கரத் தியானம், அதாவது புருவமத்தியில் இருப்பதாக யோக மரபு சொல்லும் ஆற்றல் மையத்தில் மனத்தை நிறுத்தும் தியானம், செய்து வருகிறேன். ஆசிரியர் ஒருவரிடம் நேரில் கற்கும் வாய்ப்பு அமையாததால், காணொளிகளைப் பார்த்தும் சில நூல்களைப் படித்தும் நானாகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். அதிகாலையில் இருட்டறையில் மெழுகுவத்திச் சுடரைப் பத்து நிமிடம் இமைக்காமல் பார்ப்பேன். பிறகு கண்களை மூடி, இரு விழிகளையும் புருவங்களுக்கு நடுவே மேல்நோக்கிக் குவித்து, மனத்துக்குள் ஓங்காரத்தைச் சொல்லியபடி முப்பது நிமிடம் அமர்ந்திருப்பேன்.

முதல் மாதத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் யாரோ கட்டைவிரலால் நெற்றியை அழுத்துவது போன்ற உணர்வு வந்தது. மூடிய கண்களுக்குள் ஊதா நிற வட்டம் ஒன்றும் தோன்றத் தொடங்கியது. நெற்றிக்கண் திறக்கப் போகிறது என்று மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் கடந்த மூன்று வாரங்களாக அந்த அழுத்தம் வலியாக மாறி நண்பகல் வரை நீடிக்கிறது. இரவில் தூக்கமும் எளிதில் வருவதில்லை. வலி வந்தால் திறப்பு நெருங்கிவிட்டது என்றும், அப்போது நிறுத்தவே கூடாது என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். பீனியல் சுரப்பியில் படிந்துள்ள சுண்ணாம்பு உடைவதால்தான் வலிக்கிறது என்றது மற்றொன்று.

இந்த வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டுமா, அல்லது முறையையே மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். முதலில் தாங்கள் செய்ய வேண்டியது, குவித்துப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துவதுதான். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பயிற்சியில் இருப்பவன் என்ற முறையில், தங்கள் விவரிப்பைப் படித்ததும் எனக்குக் கவலையே ஏற்பட்டது. ஏனெனில் நானும் தொடக்கத்தில் இதே தவற்றைச் செய்தவன்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரு விழிகளையும் உள்நோக்கியும் மேல்நோக்கியும் இழுத்து அரைமணி நேரம் அப்படியே பிடித்து வைத்தால் அவை களைத்துப்போகும். அதோடு, விழியை முயன்று மேலே செலுத்தும்போது நாம் அறியாமலேயே புருவங்களை நெரிக்கிறோம். தங்களுக்கு ஐயம் இருந்தால், சோதனைக்காக நாளை ஒருமுறை மட்டும் பழையபடி அமர்ந்து ஐந்து நிமிடம் கழிந்ததும் புருவங்களுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். அங்கே தோல் மடிந்து இறுகியிருந்தால், தாங்கள் உணர்ந்த அழுத்தத்தில் பெரும்பகுதி அந்தத் தசையின் இறுக்கமே.

புருவமத்தியில் மனத்தை வைப்பது வேறு, விழியை வைப்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைத்தான் நேரில் கற்பிக்கும் ஆசிரியர் முதல் நாளிலேயே திருத்திவிடுவார். சாம்பவி முத்திரையில் பார்வை மேலே எழுவது உண்மைதான். ஆனால் அது சில நொடிகளில் தொடங்கிப் படிப்படியாகப் பழக வேண்டிய ஒன்று, களைப்புத் தெரிந்த உடனே விழியை இறக்கிவிடவும் வேண்டும். நீண்ட நேரத் தியானத்துக்கு அந்த நிலை தேவையே இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். முதுகு நிமிர்ந்து, தாடை தளர்ந்து, நாக்கு வாய்க்குள் இளகிக் கிடக்கும்படி அமருங்கள். கண்களை மூடி, விழிகள் தாமாக எங்கே நிற்கின்றனவோ அங்கேயே நிற்க விடுங்கள். மோதிர விரலின் நுனியால் புருவமத்தியை இலேசாகத் தொட்டு எடுங்கள். விரலை எடுத்த பின்னும் அந்தத் தொடு உணர்வு சில நொடிகள் அங்கே தங்கியிருக்கும். கவனத்தை அந்த உணர்வின் மீது, பூவின் மீது பனித்துளி அமர்வதுபோல வையுங்கள். உணர்வு மறைந்தால் மீண்டும் ஒருமுறை தொடலாம். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அந்த இடத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தால் போதும். மூச்சை அடக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

அமர்வதற்கு முன் நாடிசுத்தி ஒன்பது சுற்று செய்யுங்கள்: இடது நாசியில் நான்கு எண்ணிக்கை உள்ளிழுத்து, வலது நாசியில் ஆறு எண்ணிக்கை வெளிவிட்டு, மீண்டும் வலதில் இழுத்து இடதில் விடுவது ஒரு சுற்று. இடகலை, பிங்கலை, சுழுமுனை ஆகிய மூன்று நாடிகளும் கூடும் இடமாகவே யோக மரபு ஆக்ஞையைச் சொல்கிறது. ஆகவே இரு நாசிகளின் ஓட்டத்தையும் சமப்படுத்தாமல் நேரடியாகப் புருவமத்திக்குத் தாவுவது, வாயிலைத் தாண்டாமல் கருவறைக்குள் நுழைய முயல்வதைப் போன்றது.

மிக முக்கியமாக, எழுவதற்கு முன் கவனத்தைக் கீழே இறக்குங்கள். வேதாத்திரி மகரிஷி வகுத்த முறையில் ஆக்ஞை தவத்தைக் கற்பித்ததுமே சாந்தி தவத்தையும் கற்பிப்பார்கள். அதாவது நெற்றியில் நின்ற கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. நெற்றியிலோ தலையிலோ அழுத்தம் மிகும்போது அதைத் தணிப்பதற்காகவே அந்த முறை அமைந்தது. தாங்கள் வகுத்துக்கொண்ட முறையில் ஏறுவதற்கு வழி இருக்கிறது, இறங்குவதற்கு வழி இல்லை. தூக்கம் கெடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பீனியல் சுரப்பியைப் பற்றி மட்டும் சில சொற்கள் சேர்க்க விரும்புகிறேன். அந்தச் சுரப்பி நெற்றியில் இல்லை. மூளையின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஓர் அரிசிமணி அளவில் இருக்கிறது. இருளில் மெலடோனினைச் சுரந்து உறக்க விழிப்புச் சுழற்சியை ஒழுங்குபடுத்துவது அதன் பணி. வயது வந்தோரில் அதில் சுண்ணாம்புப் படிவு இருப்பது மிகச் சாதாரணம். ஸ்கேன் கருவிகள் வருவதற்கு முன், எக்ஸ்ரே படத்தில் தெரியும் அந்தப் படிவு நடுவிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்த்தே மூளைக்கட்டிகளை மருத்துவர்கள் ஊகித்திருக்கிறார்கள். தியானத்தால் அது உடையும் என்பதற்கோ, உடைந்தால் நெற்றி வலிக்கும் என்பதற்கோ அடிப்படை எதுவும் இல்லை.

நெற்றிக்கண்ணை இந்தச் சுரப்பியோடு இணைத்தது யோக நூல்கள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரம்மஞான சபையினரின் (தியோசாபிகல் சொசைட்டி) எழுத்துகள் வழியாகவே அந்தக் கருத்துப் பரவியது. ஆகவே சுண்ணாம்பைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எதையும் வாங்கி உட்கொள்ள வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 3

தாங்கள் கண்ட ஊதா வட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்; இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். மஞ்சள் நிறச் சுடரை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கண்களை மூடினால், விழித்திரையில் அந்த நிறத்தை ஏற்கும் பகுதி களைத்திருப்பதால், எதிர்நிறமான நீலமோ ஊதாவோ பிம்பமாகத் தோன்றும். தங்கள் பயிற்சியின் வரிசையைப் பார்த்தால் அந்த வட்டம் சுடரின் பின்பிம்பமாகவே இருக்க வேண்டும். ஆக்ஞை என்றாலே ஊதா அல்லது கருநீலம் என்ற எதிர்பார்ப்பும் அந்தப் பிம்பத்துக்குப் பொருள் ஏற்றியிருக்கலாம். வானவில்லின் ஏழு நிறங்களை ஏழு சக்கரங்களுக்குப் பொருத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் மேற்கில் உருவானது. தாந்திரிகத் துறவி பூர்ணானந்தர் 1577இல் சமஸ்கிருதத்தில் இயற்றிய ஆறு சக்கரங்களின் விளக்கத்தில், ஆக்ஞை நிலவைப் போன்ற வெண்ணிறமுடைய இரண்டு இதழ்த் தாமரையாகவே வருகிறது.

பின்பிம்பம் என்பதால் அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சுடரை இமைக்காமல் பார்க்கும் தங்கள் பயிற்சிக்குத் திராடகம் என்று பெயர்; அதன் இரண்டாம் பாதியே அந்தப் பிம்பத்தை உள்ளே நிறுத்திக் கவனிப்பதுதான். அது நழுவும்போது துரத்தாமல், மங்கும்போது வருந்தாமல், மறையும் வரை உடனிருந்தால் மனம் ஒரே இடத்தில் நிற்கப் பழகுகிறது. ஆனால் ஹடயோக நூல்கள் திராடகத்தைத் தூய்மைப்படுத்தும் ஆறு கிரியைகளில் ஒன்றாகவே வைக்கின்றன. அது தியானத்துக்கு முந்தைய ஆயத்தம். கண்ணீர் கசிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும், பத்து நிமிடம் என்று கடிகாரம் வைத்து இமைகளை வதைக்கக் கூடாது.

சுடர் அசையாதபடி காற்றில்லாத இடத்தில், கண்மட்டத்தில், கைநீட்டினால் எட்டும் தொலைவுக்குச் சற்று அப்பால் வையுங்கள். ஒரு நிமிடம் பார்ப்பது, பிம்பம் மறையும் வரை கண்களை மூடியிருப்பது என மூன்று முறை செய்தால் போதுமானது. கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். கண் அழுத்த நோயோ வலிப்பு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

மறுமொழி 4

தூக்கம் குறைகிறது என்று எழுதியிருந்ததால்தான் நானும் எழுத வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் புருவமத்தியில் அமர்ந்தேன். முதலில் தூக்கம் குறைந்தது. அதை யோக முன்னேற்றம் என்று எண்ணினேன். பிறகு சுற்றியிருப்பவை கண்ணாடிக்கு அப்பால் நடப்பவை போலத் தோன்றின, என் கையே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது, காரணமில்லாத அச்சம் மாலைதோறும் வந்தது. எல்லாம் அனுபவத்தின் படிகள் என்று என்னைத் தேற்றிக்கொண்டு இரண்டு மாதங்களை வீணாக்கினேன். இறுதியில் பயிற்சியை முழுவதுமாக நிறுத்தி, மனநல மருத்துவரைப் பார்த்த பிறகே மீண்டேன்.

நான் மட்டுமே இப்படி என்று அப்போது நினைத்திருந்தேன். தியானம் செய்வோருக்கு நேரும் கடினமான அனுபவங்களைப் பற்றி அமெரிக்காவின் ப்ரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கமின்மையும் அச்சமும் தன்னிடமிருந்தே தான் விலகிப்போகும் உணர்வும் இடம்பெற்றிருந்ததைப் படித்தபோதுதான் ஆறுதல் கிடைத்தது. தங்களுக்கு அந்த நிலை வந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் என்பது அளவுமானியில் முதலில் அசையும் முள்ளைப் போன்றது. அதைக் கவனியாமல் விட்டுவிடாதீர்கள். பயிற்சியை நிறுத்திய பின்னும் இரண்டு வாரங்களில் தலைவலி போகவில்லை என்றாலோ, பார்வை மங்கினாலோ, கண் மருத்துவரையும் பொது மருத்துவரையும் தாமதமின்றிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

நேரம் ஒதுக்கி எழுதிய நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. விரலை வைத்துப் பார்த்தேன். புருவங்களுக்கு நடுவே முடிச்சுப் போட்டது போல இறுகியிருந்தது. இத்தனை நாட்களாக அதை ஆற்றல் என்று நம்பியிருக்கிறேன். ஐந்து நாட்களாகத் திராடகத்தையும் விழி குவிப்பதையும் விட்டுவிட்டு, நாடிசுத்தியும் பத்து நிமிடத் தொடு உணர்வுக் கவனமும் மட்டும் செய்து, மூலாதாரத்தில் முடிக்கிறேன். வலி பெருமளவு குறைந்திருக்கிறது. நேற்று இரவு நன்றாக உறங்கினேன். ஆனால் ஊதா வட்டமும் அழுத்தமும் இல்லாதபோது, பயிற்சி சரியான திசையில் செல்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது?

மறுமொழி 1

வலி குறைந்ததை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நெற்றிக்கு நேரே புருவ இடைவெளியை உற்றுப் பார்க்க அங்கே ஒளி தோன்றும் என்று திருமூலரும் பாடியிருக்கிறார். ஆகவே ஒளி என்ற ஒன்றே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அந்த இடத்தைச் சிற்றம்பலம் என்கிறார், இறைவன் இருக்கும் இடமாகக் காண்கிறார். அங்கே காத்திருப்பதுதான் நம் பணி. காட்சியைக் கோருவது அல்ல.

நடைமுறையில் நான் கவனிப்பது ஒன்றே: மனம் விலகியதை எவ்வளவு விரைவில் அறிகிறேன், அறிந்த பின் எரிச்சலில்லாமல் திரும்புகிறேனா என்பது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் வேறெங்கோ அலைந்த பிறகே நினைவு வந்தது. இப்போது பல நாட்களில் இரண்டு மூன்று மூச்சுக்குள் தெரிந்துவிடுகிறது. ஆக்ஞை என்ற சொல்லுக்குக் கட்டளை என்று பொருள்; நம் மனத்தை நாமே ஆள்வதாக அதை நான் கொள்கிறேன். திட்டமிட்டுக் கோபப்படுகிறவர் யாரும் இல்லை. கோபம் எழும் அந்தக் கணத்தில் அதை அறிந்து, பேசுவதா வேண்டாமா என்று தேரும் இடைவெளி பகல் பொழுதிலும் கிடைக்கத் தொடங்கினால், பயிற்சி வேரூன்றியிருக்கிறது என்று கொள்ளலாம்.

வலி முற்றிலும் நீங்கி இரண்டு வாரங்கள் கழிந்த பிறகு நேரத்தைப் பதினைந்து நிமிடமாக்குங்கள். திராடகத்தை மீண்டும் தொடங்கினால் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டாம். அந்த நாட்களில் அது முடிந்ததும் உள்ளங்கைகளால் கண்களை மூடி, பின்பிம்பம் முழுவதும் மறைந்த பிறகே புருவமத்திக்கு வாருங்கள்.