பரணில் கிடந்த ஜப்பான் ஜாடி

*நம்ம குடும்பம்*

மீனா அத்தை: பரணைச் சுத்தம் செய்தபோது அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஜாடி கிடைத்தது. அடியில் சிவப்பாக ஏதோ எழுதியிருக்கிறது. கார்த்தி, ஜப்பானில்தானே இருக்கிறாய், படித்துச் சொல். (படம்)

பெரியப்பா: வட்டத்துக்குள் சிலுவை. யாரோ பாதிரியார் கொண்டுவந்தது. 300 வருடமாவது இருக்கும். யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே மீனா.

கார்த்தி: அத்தை, படம் தலைகீழாக இருக்கிறது. வட்டம் மேலே வருகிற மாதிரி எடுங்கள்.

மீனா அத்தை: (படம்)

கார்த்தி: இது சிலுவை இல்லை பெரியப்பா, ஷிமாசு வம்சத்து முத்திரை. இன்றைய ககோஷிமா பக்கம் அன்றைக்கு சட்சுமா, அவர்கள் ஆண்ட சீமை. 1590களில் கொரியாமீது படையெடுத்துப் போனவர்கள் அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். சட்சுமாவில் இந்தத் தொழில் வளர்ந்தது அவர்களால்தான்.

பெரியப்பா: ராஜ வம்சம். நான் சொன்னேனே.

தேவி: மாமா, பாதிரியார் என்றல்லவா சொன்னீர்கள் 😂

கார்த்தி: முத்திரையை வைத்து வயது சொல்ல முடியாது. 1867 பாரிஸ் கண்காட்சிக்கு அப்புறம் வெள்ளைக்காரர்கள் சட்சுமா ஜாடிகளைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். கியோட்டோ, யோகோஹாமா என்று பல ஊர்களில் செய்து அதே முத்திரையைப் போட்டார்கள்.

தேவி: எல்லா பஸ் ஸ்டாண்டிலும் திருநெல்வேலி அல்வா மாதிரி.

கார்த்தி: அதேதான். கீழே மூன்று எழுத்து. கைகாலை விரித்து நிற்கிற ஆள், குறுக்குச் சட்டம் போட்ட ஜன்னல், அடியில் கோடு போட்ட மரம். 'டாய் நிப்போன்', அதாவது மகா ஜப்பான். மெய்ஜி காலத்துச் சரக்கில், 1868-1912, இது நிறைய வரும்.

தேவி: ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லையே அத்தான்?

கார்த்தி: அது அமெரிக்கச் சட்டம். 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும். முதலில் 'நிப்பான்' என்று போட்டார்கள், 1921 முதல் 'ஜப்பான்'. பினாங்கு சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஆங்கிலம் இல்லாததை வைத்து 1891க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. அத்தை, விரலால் சுண்டிப் பாருங்கள்.

மீனா அத்தை: டொக் என்கிறது.

கார்த்தி: நல்லது. சட்சுமா சுட்ட மண் வகை, பீங்கான் மாதிரி ணங் என்று கேட்காது. பாலாடை நிறப் பூச்சில் மயிரிழை வெடிப்பு உண்டா?

மீனா அத்தை: உடம்பெல்லாம். உடைந்துவிட்டதோ என்று பயந்தேன்.

கார்த்தி: சூளையில் ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகம் சுருங்கி விழுகிற வெடிப்பு அது. நூறு வருடம் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், 300 இல்லை. தங்கக் கோட்டைத் தேய்க்காதீர்கள். தண்ணீரும் ஊற்றாதீர்கள், கசியும்.

மீனா அத்தை: படம் எடுத்த கையோடு தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்துவிட்டேனே.

கார்த்தி: அத்தை, தண்ணீரோடவா சுண்டினீர்கள்?? நிரம்பியிருந்தால் பீங்கானும் டொக் என்றுதான் சொல்லும்.

மீனா அத்தை: இரு, கொட்டிவிட்டு வருகிறேன்.

மீனா அத்தை: இப்போதும் டொக்.

தேவி: டிவி ஸ்டாண்ட் ஏன் ஈரமாக இருக்கிறது அம்மா?